பன்னிரண்டாம் அறைக்குப் போன கடிதங்கள்

அறை எண் 12,
முதலாண்டு மாணவியர் விடுதி
ஜூலை 8

அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். பெட்டியின் பிடி இறங்கும்போதே கழன்று கையோடு வந்துவிட்டது. நீ கட்டிய கயிறுதான் மானத்தைக் காப்பாற்றியது. இவ்வளவும் நல்ல செய்தி. இனி மற்றது.

அறையில் இரண்டு கட்டில் கிடக்கிறது. ஏன் இரண்டு என்று வார்டனிடம் கேட்டேன். என் விண்ணப்பத்தை எடுத்து முன்னால் வைத்தார். 'தனி அறை' என்று நான் போட்டிருந்த டிக்கை யாரோ அடித்துவிட்டு, 'இருவர் அறை' என்பதில் புதிதாக ஒன்று போட்டு, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த யாரோவின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷம் என் மதிப்பெண் அட்டையில் பார்த்திருக்கிறேன்.

ஏனம்மா? கேட்டால் சண்டை வரும், அதனால் கேட்கவில்லை, அவ்வளவுதானே? அப்பா போனதிலிருந்து கடைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில்தான் இரண்டு பேரும் கிடந்தோம். உன் தையல் மிஷின் சத்தத்தில் படித்தேன், உன் மிஷின் சத்தத்திலேயே தூங்கினேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கதவைச் சாத்தினால் உள்ளே நான் மட்டும் இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு வருஷம் பார்க்க ஆசைப்பட்டேன். அது பெரிய குற்றமா?

கூட இருப்பவள் எனக்கு முன்பே வந்து ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துவிட்டாள். ஆகவே ஜன்னல்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளிடம் இருப்பது ஒரே ஒரு பை. நான் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது யாரு தச்சது?" என்றாள். எங்கம்மா என்றேன். "இது?" அதுவும் அம்மாதான். "எல்லாமே அம்மாவா?" தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையலை விரலால் மெதுவாகத் தடவினாள். துணிக்கடைக்காரர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரு சித்தப்பா இருக்கிறார். படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்ததாம்.

தொல்லை ஒன்றும் இல்லை. குரலே எழுப்புவதில்லை. ஆனால் நான் எதையாவது எழுத உட்கார்ந்தால் அவள் தன் வேலையை நிறுத்திவிட்டு என் கையையே பார்க்கிறாள். இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்தால் சிரிக்கிறாள்.

விடுதியில் முதல் வருஷக்காரர்களுக்குப் போன் கிடையாது. நம் கடையிலும் கிடையாது. அதனால் கடிதத்திலேயே சண்டை போட்டுக்கொள்வோம். தனி அறை காலியானால் தரச்சொல்லிப் பெயர் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து இதையும் அடிக்க வராதே.

கோபமாக இருந்தாலும் உன்
மிளகு


ஜூலை 16

என் மிளகுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். காஜா எடுக்கக் கொடுத்திருந்த துணியை வாங்க வந்த பெண், "என்னக்கா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றாள். துணித் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

டிக்கை அடித்தது நான்தான். உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். ஏன் செய்தேன் என்று சொல்கிறேன், அதன் பிறகும் கோபம் இருந்தால் வைத்துக்கொள்.

உன் வயதில் தையல் பழகப் போன ஊரில் நான் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. என் கதவு, என் பூட்டு, என் சாவி. மூன்றாம் மாதம் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்து குழாயைத் திறந்தேன், மூட முடியாமல் அப்படியே தரையில் சரிந்தேன். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் என்று பிறகு சொன்னார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து வந்தது எனக்காக இல்லை. தண்ணீர் வீணாகிறதே என்று வந்தார்கள். அன்றைக்கு அந்தத் தரையில் கிடந்து நான் நினைத்தது ஒன்றுதான்: இந்த அறையில் இன்னொரு கட்டில் இருந்திருக்கலாம். கூட இருப்பவள் எனக்குப் பிடிக்காதவளாக இருந்தாலும் பரவாயில்லை.

அதற்காகத்தான். உன்னைக் கட்டிப்போட இல்லை.

அந்த ஜன்னல்காரியிடம் முகத்தைக் காட்டாதே. யாரும் இல்லாத பெண் என்கிறாய். தையலைத் தடவிப் பார்த்தாள் என்று படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. நீ தூக்கத்தில் பேசுகிறவள் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவை. முதல் தடவை கேட்கிறவர்கள் பயந்துபோவார்கள். பரீட்சைக்கு முந்தைய நாட்களில் நீ பேசிய பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்லிப் பழகியவள். இப்போது இந்த அறையில் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சிரிக்காதே.

உடனே பதில் எழுது. இரண்டு வரியாக இருந்தாலும் போதும். திட்டியே எழுது.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா


அறை எண் 12,
முதலாண்டு மாணவியர் விடுதி
ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு என்னை மன்னிக்க வேண்டும். படிக்கட்டில் வழுக்கி வலது கை மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பயப்பட ஒன்றுமில்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருக்கும். போகப்போகச் சரியாகிவிடும்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எத்தனை முறை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நீங்கள் அந்தத் தரையில் கிடந்ததை நினைத்து அழுதேன். நீங்கள் செய்ததுதான் சரி, அம்மா. தனி அறை வேண்டாம் என்று வார்டனிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தி மட்டும் இருக்கிற அறை அறையே இல்லை. வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது நாம் காலையில் விட்டுப்போன காற்றே உள்ளே நிற்கும். அதை யாரும் மூச்சாக இழுத்திருக்கமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நானும் ஜன்னல்காரியும் இப்போது மிகவும் பழகிவிட்டோம். பின்னால் இருந்து பார்த்தால் இருவரில் யார் யாரென்று தெரியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். விடுதிப் பெட்டியில் போடுவதைத் தபாலுக்குக் கொண்டுபோகும், வருவதை அறை அறையாகக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதம் வேறு யார் கைக்கும் போகாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மிஷினில் ரொம்ப நேரம் குனிந்து உட்காராதீர்கள். எனக்கு அடிக்கடி எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள். என்னைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்
மிளகு


ஆகஸ்ட் 29

என் மிளகுக்கு,

கை எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றும்வரை வாளி தூக்காதே.

அதென்னடி புதுசாக 'நீங்கள்'? பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசியவள் கல்லூரிக்குப் போனதும் மரியாதை கற்றுக்கொண்டாயா? படிக்கும்போது யாரோ பெரிய அதிகாரிக்கு எழுதியதை எனக்குத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நம் கடைக்குப் பக்கத்துச் செருப்புக்கடை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "காலேஜ் போனா எல்லாரும் கொஞ்ச நாள் அப்படித்தான், விடும்மா" என்றார். மரியாதை வேண்டாம். என் பழைய வாயாடி போதும். வருஷக் கடைசி விடுமுறைக்கு வந்துவிடு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை அன்பாக நீ ஒருநாளும் பேசியதில்லை. தூரத்தில் போனால்தான் அம்மா அருமை தெரியும் போலிருக்கிறது. கூட ஒரு துணை இருப்பது மனசை எப்படி இளக வைக்கிறது, பார்த்தாயா?

உன்னைப் பற்றி எழுதச் சொன்னாய். என்ன எழுத? இரண்டாம் வகுப்பில் ஒருநாள் கல்யாணத் துணி ஒன்றை முடிக்கும் அவசரத்தில் உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவே மறந்துவிட்டேன். நினைவு வந்து ஓடி வந்தால், அலுவலக அறையில் பெரிய நாற்காலியில், கால் தரைக்கு எட்டாமல், தனியாக உட்கார்ந்திருந்தாய். அழவில்லை. "நூத்தி பன்னெண்டு கட்டம்மா" என்றாய். தரையில் இருந்த சதுரங்களை எண்ணி முடித்திருந்தாய். இந்த வருஷம் நீ நில அளவைப் படிப்பில் சேர்ந்தபோதும் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

அம்மா


அறை எண் 12,
முதலாண்டு மாணவியர் விடுதி
அக்டோபர் 11

அம்மா,

இனி 'நீ' தான். திட்டாதே. ஏதோ பெரிய மனுஷியாகி விட்டேன் என்று நினைத்து எழுதிவிட்டேன். எழுத்தும் இப்போது சரியாகிவிட்டது, பார்த்தாயா? பழைய மாதிரியே இருக்கிறதா? இருக்கிறது என்று எழுது.

அந்த நாற்காலி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீ ஓடி வந்தபோது உன் ஒரு காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, உனக்கே தெரியவில்லை. வீடு வரும்வரை நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சொன்னால் நீ அழுவாய் என்று சொல்லவில்லை.

வருஷக் கடைசி விடுமுறைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தாய். வர முடியாது போலிருக்கிறது. பாடம் நிறைய இருக்கிறது. வருத்தப்படாதே. எனக்கு இங்கே இருந்தாலும் உன் பக்கத்தில் இருப்பது போலத்தான். மத்தியானம் வகுப்பில்லாத நேரத்தில் கட்டிலில் படுத்து உன் கடிதங்களை வரிசையாக வைத்துக்கொள்வேன். அப்போது மிஷின் சத்தம்கூடக் கேட்கிறது.

குளிர் தொடங்கிவிட்டது. ஒரு நீலச் சட்டை தைத்து அனுப்புவாயா? உள்ளே துணி வைத்துத் தைத்தது. பழைய அளவில் தைக்காதே, இளைத்துவிட்டேன். ஜன்னல்காரி டேப் வைத்து எடுத்த புது அளவைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தோள் பதின்மூன்றரை. மார்புச் சுற்று முப்பத்தொன்று. கை நீளம் இருபத்து மூன்று.

உன்
மிளகு


டிசம்பர் 6

மகளுக்கு,

கடிதம் கிடைத்து வெகுநாளாகிவிட்டது. உடனே பதில் எழுத முடியவில்லை.

செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கவனிக்கவில்லை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

பிறகு உன் அளவை எடுத்துக்கொண்டு துணி வெட்ட உட்கார்ந்தேன். பழக்கதோஷம், பழைய நோட்டில் இருக்கும் அளவையும் பக்கத்தில் வைத்தேன். ஜூன் மாதம் எடுத்தது. தோள் பதினாலரை. கை நீளம் இருபத்திரண்டு.

இருபத்தைந்து வருஷமாக உடம்புகளை அளக்கிறேன். இளைத்தால் மார்பு குறையும், இடுப்பு குறையும், கைச்சுற்று குறையும். தோள் எலும்பு குறையாது. தோள் ஓர் அங்குலம் குறைந்து, கை ஓர் அங்குலம் வளர்ந்த பெண்ணை நான் இதுவரை தைத்ததில்லை. டேப்பைத் தப்பாகப் பிடித்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தோளைத் தப்பாகப் பிடிக்கலாம். கையையுமா?

துணி வெட்டாமல் ஐந்து நாள் மேசையில் கிடந்தது. ஆறாம் நாள் வெட்டினேன். நீ எழுதிய அளவுக்கே தைத்திருக்கிறேன். உள்துணி மெத்தென்று இருக்கும். போட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்கிறதா, தோள் உட்காருகிறதா என்று எழுது.

குளிரில் தலை துவட்டாமல் வெளியே போகாதே, மகளே.

அம்மா


அறை எண் 31, மூன்றாம் மாடி
ஜனவரி 14

அம்மாவுக்கு,

இதை ஊருக்குள் இருக்கும் தபால் நிலையத்துக்கு நானே நடந்து வந்து, அங்கிருக்கும் மேசையில் வைத்து எழுதுகிறேன். விடுதிப் பெட்டியில் போட மாட்டேன். காரணம் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

ஆகஸ்ட் இரண்டாம் தேதியே எனக்குத் தனி அறை கிடைத்துவிட்டது. அன்றே பன்னிரண்டாம் அறையை விட்டு மேலே வந்துவிட்டேன். நீ ஜூலையில் எழுதிய கடிதத்தை அவசரத்தில் அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன். உனக்கு எழுதினேன். பதில் இல்லை. செப்டம்பரில் எழுதினேன். நவம்பரில் எழுதினேன். விடுமுறைக்கு முன் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தனி அறைக்குப் போனதால் நீ என்னோடு பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு. நீ எழுதினால்தான் வருவேன் என்று விடுமுறையில் நில அளவை முகாமுக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு மேட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன்.

முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு முன்னால் ஒருத்தி தட்டோடு நின்றாள். நீலச் சட்டை. காலருக்குக் கீழே ஓரம் அடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடிப்பாயே, அந்த இடத்தில் துணி ஒரு துளி நசுங்கியிருக்கும். நசுங்கியிருந்தது. என் கை தட்டை விட்டுவிட்டது.

அவள் திரும்பினாள். ஜன்னல்காரி. என்னைப் போலவே வகிடு எடுத்திருந்தாள்.

பன்னிரண்டாம் அறைக்கு அவளோடு போனேன். அவள் தடுக்கவில்லை. கதவைத் திறந்து, வழிவிட்டு நின்றாள். என் பழைய கட்டில் விரித்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் வெறும் பலகை. அவள் இப்போது என் கட்டிலில் படுக்கிறாள்.

"இந்தச் சட்டை எங்கம்மா தச்சது" என்றேன்.

"ஆமா."

"உனக்கு எப்படி வந்துச்சு?"

"தபால்ல வந்துச்சு. பன்னெண்டாம் நம்பருக்கு. நீதான் இங்க இல்லையே."

"அது என் பேருக்கு வந்தது."

"பேருக்குத்தான் வந்துச்சு" என்றாள். வாதாடுகிற குரல் இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற குரல். "உனக்குத் தனியா இருக்கணும். கதவைச் சாத்திக்கணும். அதானே கேட்ட? நான் உன்னைத் தனியா விட்டேன். யாரும் உன்னைத் தொந்தரவு பண்ணாம நான்தான் பார்த்துக்கிட்டேன்."

மேசை இழுப்பறையை அவளே திறந்தாள். உனக்கு நான் எழுதிய நாலு கடிதமும் இருந்தன. பிரித்து, படித்து, மடிப்புக் கலையாமல் நூல் சுற்றி வைத்திருந்தாள். அதன் கீழே ஒரு நோட்டு. திறந்தால் என் கையெழுத்து. நான் எழுதாத நோட்டு, அம்மா. நாங்கள் சேர்ந்திருந்த நாட்களில் தூக்கத்தில் நான் பேசியதெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. 'அம்மா, உன் செருப்பு எங்கே' என்று ஒரு பக்கத்தில். முதல் பக்கங்களில் எழுத்து கோணல். போகப்போக என்னுடையது. கடைசிப் பக்கங்கள் என் எழுத்தைவிட அழகு.

நேராக வார்டனிடம் போனேன். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரிப்பதாகச் சொன்னார். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் அறை துடைத்து வைத்திருந்தது. அவளும் இல்லை, பையும் இல்லை. என் நாலு கடிதத்தையும் என் கட்டிலில் வைத்துவிட்டு, உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நாலையும் இதோடு அனுப்புகிறேன். தாமதமாகத்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐந்து மாதம் அம்மா. உனக்குத் தெரியவே இல்லையா?

மிளகு


ஜனவரி 22

என் மிளகுக்கு,

நாலு கடிதத்தையும் தேதி வாரியாக அடுக்கி, அந்தந்தத் தேதியில் வந்ததாக நினைத்துப் படித்தேன். நவம்பர் கடிதத்தில் 'நீ செத்துட்டியா உயிரோட இருக்கியா' என்று கேட்டிருக்கிறாய். அதுதான் என் பெண். உன் பேரில் அவள் எழுதியதில் எல்லாம் ஒரு தடவைகூட என்னைக் குத்தவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். தெரியும். அளவு வந்த அன்றே தெரியும். கடையைச் சாத்திவிட்டு எல்லாக் கடிதங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். நீதான் எழுத நேரமில்லாமல் அந்த ஜன்னல்காரியை எழுத வைத்திருக்கிறாய் என்று முடிவு செய்தேன். உன் ஞாபகங்களைக்கூட அவளிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறாய் என்று நினைத்தேன். அது எப்படி வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறமும் ஏன் தைத்து அனுப்பினேன் என்று கேட்பாய். அந்தக் கடிதமும் நின்றுவிட்டால் எனக்கு யாரும் எழுதமாட்டார்கள். வேறு காரணம் இல்லை.

இனி சொல்லப்போவதற்குக் கோபப்படாதே. உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே அவள் இங்கே வந்துவிட்டாள்.

காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். நீலச் சட்டை. தோள் மடிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. மிளகு, நான் முதலில் பார்த்தது அதைத்தான், முகத்தை இல்லை. "அம்மா" என்றாள். வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செருப்புக்கடை மாமா எட்டிப் பார்த்து, "என்ன, பொண்ணு லீவுக்கு வந்தாச்சா?" என்று கேட்டார். நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்த்த மனுஷன். கண்ணாடி போட்டிருந்தார். "ஆமா மாமா" என்று அவள் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வந்தவள் எதையும் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. நூல் சுற்றும் பாபின் பெட்டியை நேராகப் போய் எடுத்தாள். பின்னறைக் கதவை நீ தூக்கித் திறப்பது போலவே தூக்கித் திறந்தாள். மத்தியானம் இரண்டாவது மிஷினில் உட்கார்ந்தாள். நான் அடித்தால் அடிக்கிறாள், நான் நிறுத்தினால் நிறுத்துகிறாள். சில சமயம் எனக்கு முன்னாலேயே நிறுத்துகிறாள்.

பயமாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அவள் எனக்குச் சோறு போட்டு, சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியாக எனக்கு யார் அப்படிச் செய்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒரு வாரம் பொறு. அவளுடைய சித்தப்பா முகவரியைக் கேட்டிருக்கிறேன். அனுப்பிவிடுகிறேன். நிச்சயமாக அனுப்பிவிடுகிறேன்.

அம்மா


பிப்ரவரி 3

அன்புள்ள மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. பயப்படாதே. திங்கட்கிழமை கனமான துணி அடிக்கும்போது மிஷின் ஊசி முறிந்து ஒரு துணுக்கு இடது கண்ணில் தெறித்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் சேர்ந்து அசையும் என்று டாக்டர் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார். பதினைந்து நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது.

நீ புறப்பட்டு வர வேண்டாம். உனக்குப் பரீட்சை இருக்கிறது. இங்கே என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. கை பிடித்து நடத்துகிறாள், தலை வாருகிறாள், கடையையும் அவளே திறந்து உட்காருகிறாள். வந்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தையலைக்கூட என்னுடையது என்றே நினைக்கிறார்கள்.

கண்ணைக் கட்டியிருப்பதால் பகலிலும் தூக்கமாக வருகிறது. தூக்கத்தில் நானும் பேசுகிறேனாம். ஒன்றையும் விடாமல் கேட்டு வைத்திருக்கிறாளாம்.

சித்தப்பா முகவரி கிடைக்கவில்லை. அதைப் பற்றி நீ இனி கேட்க வேண்டாம். உனக்குத்தான் தனியாக இருப்பது பிடிக்குமே. நன்றாகப் படி. கதவைச் சாத்திக்கொண்டு படி. நாங்கள் நலம்.

அன்புடன்
அம்மா


அறை எண் 31
பிப்ரவரி 8

அம்மாவுக்கு,

உறையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நான் எழுதியதே எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். என் கையெழுத்தில் என் பெயருக்கு ஒரு கடிதம். உள்ளே நீ. எது வரை நீ, எங்கிருந்து நீ இல்லை என்று எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. நான் அனுப்பும் இந்தக் காகிதத்தையும் உன்னால் படிக்க முடியாது. ஆகவே உனக்குச் சொல்ல வேண்டியதை இதில் எழுதவில்லை. நேரில் சொல்கிறேன்.

இனி எழுதுவது, இதைக் கையில் வைத்திருப்பவளுக்கு.

ஜன்னல்காரி, இதை நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டமாட்டாய் என்று தெரியும். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறு ஏதாவது சொல்வாய். இதைவிட அன்பாகவே சொல்வாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதக் காகிதம் போதாது. ஆனால் நேற்று சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து என் கதவைத் திறந்தபோது, காலையில் விட்டுப்போன காற்று அப்படியே உள்ளே நின்றது. ஆறு மாதமாக நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனபோது உன்னிடம் போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். பார்த்தேன். பார்க்காதது போலப் போனேன்.

வார்டனிடம் பேசிவிட்டேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பதினைந்தாம் தேதிக்குள் வந்தால் உன் பெயரை எடுக்கமாட்டார்கள். இந்த அறையையும் கொடுத்துவிட்டேன். நாம் இருவரும் ஒரே அறையில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரக்கப்பட்டு என்று நினைக்காதே. உன்னை என் வீட்டில் விட்டுவைப்பதைவிட என் கண்ணெதிரில் வைத்துக்கொள்வது மேல். இங்கே நீ என்னைப் பார்க்கலாம், நான் எழுதுவதைப் பார்க்கலாம், தூக்கத்தில் பேசினால் எழுதியும் வைத்துக்கொள். நானும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் உன் கடிதத்தை உன் பெயரில் எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது என்று தெரியாவிட்டால் எங்கம்மாவுக்கே எழுது. அவள் பதில் எழுதுவாள்.

இது எனக்கு முன்னால் வந்து சேரட்டும் என்றுதான் சில நாள் தள்ளிப் புறப்படுகிறேன். பையைக் கட்டி வைத்துக்கொள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டுவேன். அம்மா உள்ளே இருந்து "யாரு?" என்று கேட்பாள்.

அப்போது நீ வாயைத் திறக்காதே. பதில் நான் சொல்கிறேன்.

மிளகு